ஆறு மாசமா சும்மா இருந்துச்சாம், அதனால மழை குரூப்ப தூக்கிட்டாங்களாம்

இனிமே எவனாவது எங்கிட்ட வந்து "அது ஆட்டோமேட்டிக் சார்"னு சொன்னான்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

நேத்து சாயங்காலம் அஞ்சே முக்கால். கோடவுன் ஷட்டருக்கு வெளிய நின்னு பாத்தா கடல் பக்கம் வானம் கருங்கல்லாட்டம் நிக்குது. மேனேஜர் உள்ளேருந்து கத்துறாரு, "ஏம்பா அந்த மழை குரூப்ப தொற, டீசல் மோட்டார்காரர் நம்பரு அதுலதான கெடக்கு." தொறக்கறேன், இல்ல. ஆபீஸ் சாட்டெல்லாம் ஓடுற டீம்ஸ் ஆப்புல மேலேந்து கீழ வரைக்கும் தள்ளிப் பாக்கறேன், இல்ல. தேடுற கட்டத்துல மழைன்னு அடிச்சா "மழைக்கு சூடா பஜ்ஜி யாருக்கு வேணும்"னு எவனோ போன வருஷம் கேட்டது மட்டும் வருது. லாகவுட் பண்ணி உள்ள வந்தேன், போன ஆஃப் பண்ணி போட்டேன், பக்கத்து சீட்டு தம்பி போன்லயும் பாத்தேன். குரூப்பு இருந்த தடமே இல்ல.

மழை குரூப்புன்னா என்னன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறுச்சே, பாண்டில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அது வடியறதுக்குள்ள சாத்தனூர் அணைல தொறந்து விட்ட தண்ணி தென்பெண்ணைல வந்து கடலூர ஊறப் போட்டுச்சே, அப்போ டிசம்பர் 2ஆம் தேதி முட்டிக்கு மேல தண்ணில நின்னுகிட்டு ஒத்தக் கையால ஆரம்பிச்ச குரூப்பு. மோட்டார்காரர் நம்பரு, பின்பக்க கேட்டு சாவி யார் வீட்ல இருக்கும், எந்த எந்த ப்ளக் பாயின்ட் முட்டிக்கு கீழ இருக்கு, எந்த வாய்க்கால்ல குப்பை அடைச்சா தண்ணி நம்ம பக்கம் திரும்பும், இன்சூரன்சுக்காக எடுத்த போட்டோ எரநூறுக்கு மேல, அடுத்த மழைக்கு முன்னாடி என்னென்ன செய்யணும்னு ப்ளானர்ல ஒரு பட்டியல். எல்லாம் அதுல.

சரின்னு ஹெல்ப்டெஸ்க்குக்கு போன போட்டா இருபது நிமிஷம் புல்லாங்குழல். நடுநடுவுல ஒரு அம்மா வந்து என் அழைப்பு அவங்களுக்கு ரொம்ப முக்கியம்னுச்சு. கடைசியா ஒரு தம்பி எடுத்தான். குரல்ல அப்பிடி ஒரு சாந்தம், தியான மண்டபத்துலேந்து பேசற மாதிரி.

"சார், உங்க குரூப்பு எக்ஸ்பயர் ஆயிடுச்சு சார்."

"எக்ஸ்பயர் ஆக அது என்ன பால் பாக்கெட்டா தம்பி?"

"பாலிசி சார். 180 நாள்."

"யார் வெச்ச பாலிசி?"

"அது ஆட்டோமேட்டிக் சார்."

"ஆட்டோமேட்டிக்கா ஓடுது, சரி. அந்த 180ங்கறத யாரோ ஒரு மகராசன் உக்காந்து செலக்ட் பண்ணிருப்பாருல்ல, அவரு யாரு?"

"ஒரு கம்ப்ளைன்ட் டிக்கெட் போட்டுடுங்க சார்."

"தம்பி, மழை வருது தம்பி. இப்ப திருப்பி எடுக்க முடியுமா முடியாதா?"

"அழிஞ்சதுலேந்து 30 நாளுக்குள்ள சொல்லிருந்தா எடுத்துருக்கலாம் சார், குரூப்பு ஓனர் நீங்களே கூட எடுத்துக்கலாம். ஜூலை 7ல போயிருக்கு. ஆகஸ்ட் 6ஓட சுத்தமா முடிஞ்சிருக்கு."

ஆகஸ்ட்டாம்யா! ஆடி மாசம் வெயில்ல மண்டை காஞ்சு கெடந்தப்போ எவனுக்காவது மழை குரூப்பு ஞாபகம் வருமா? செத்து, காரியம் முடிஞ்சு, பொதச்ச எடத்துல புல்லு முளைச்சதுக்கப்புறம் ஐப்பசில வந்து எனக்கு சாவு சேதி சொல்றாங்க. அதுவும் குரூப்பு தனியா போகாதாம். பைலு வெச்சிருந்த ஷேர்பாயின்ட், மெயில்பாக்ஸ், ப்ளானர், ஒன்நோட் எல்லாத்தையும் உடன்கட்டை ஏத்திக்கிட்டுதான் போகுமாம். பைலுங்களையாவது புடிச்சு வெக்க ரிட்டென்ஷன் பாலிசின்னு தனியா ஒண்ணு இருக்காம், அத நம்மாளுங்க போடல. அழிக்கறதுக்கு பாலிசி உண்டு, வெச்சுக்கறதுக்கு பாலிசி இல்ல. என்னா ஒரு திட்டமிடல்.

நடந்தது இதான். ஜூன் 2ஆம் தேதி ஹெட் ஆபீஸ் ஐடி டீம்ல யாரோ காலைல காபி குடிச்சிட்டு இத்தன நாளானா குரூப்ப அழிக்கற இந்த பாலிசிய கம்பெனி மொத்தத்துக்கும் முடுக்கி விட்டிருக்காங்க. அந்த செட்டிங்ஸ் பக்கத்துல 180, 365, இல்லன்னா நாமளே ஒரு கணக்கு, இதுல ஒண்ண எடுத்துக்கலாமாம். எல்லா குரூப்புக்கும்னும் வெக்கலாம், இந்த இந்த குரூப்புக்கு மட்டும்னு 500 வரைக்கும் பொறுக்கியும் போடலாம். நம்மாளு எடுத்தது 180, எல்லாத்துக்கும். வருஷத்துக்கு ஒரு தரம் வர்ற மழைக்கு 365னாவது வெச்சிருந்தா குறைஞ்சபட்சம் ஒரு சுத்து வந்திருக்கும்ல? எங்க குரூப்புக்கு ஏற்கெனவே 180 தாண்டிருச்சு, மே 31லயே. அப்பிடி தாண்டினதுக்கெல்லாம் 35 நாள் கெடு. போச்சு.

குப்பை சேருதுன்னு சொல்றாங்க, ஒத்துக்கறேன், மூணு வருஷத்துக்கு முன்ன எவனோ டெஸ்ட்டு டெஸ்ட்டு2ன்னு ஆரம்பிச்ச குரூப்பெல்லாம் கெடக்கு. ஆனா இதோட நியாயத்த கேளுங்க. கெடு நெருங்கறப்போ எவனாவது உள்ள போயி சேனல எட்டிப் பாத்தாலே போதுமாம், ஒரு பைல தொட்டாலே போதுமாம், உயிரோட இருக்குன்னு தானா ரினியூ ஆயிடுமாம். எங்க ஆபீஸ்ல "வெள்ளிக்கிழமை பிரியாணி"ன்னு ஒரு குரூப்பு இருக்கு, தெனம் எவனாவது உள்ள போயி எலும்பு ஜாஸ்தி பீசு கம்மின்னு அழுதுகிட்டே இருப்பான். அதுக்கு சாவே கெடையாது. நாங்கெல்லாம் ரிட்டயர் ஆனாலும் அது இருக்கும். ஆறு மாசமா எவனும் தொடலியேன்னு சுவத்துல மாட்டிருக்கற தீயணைப்பு சிலிண்டர காயலாங்கடைல போடுவியாடா? பீரோல இருக்கற மழைக்கோட்ட ஏப்ரல்ல தூக்கி எறிவியா? மழை குரூப்புல பத்து மாசம் எவனும் பேசலன்னா ஊரு நல்லா இருக்குன்னு அர்த்தம்யா!

இருங்க, இன்னும் முடியல. தம்பி அதே சாந்தத்தோட சொல்றான்: "உங்களுக்கு மூணு மெயில் போயிருக்கே சார். 30 நாள் முன்ன, 15 நாள் முன்ன, ஒரு நாள் முன்ன."

எனக்கா? இன்னொரு ஓனர் மார்ச்லயே வேலைய விட்டுட்டு போயிட்டான், ஆக நான் ஒருத்தன்தான். தேதிய கணக்கு போட்டேன். ஜூன் 7 சனிக்கிழமை. ஜூன் 22 ஞாயித்துக்கிழமை. ஜூலை 6, அதுவும் ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை காலைல நான் கடலூர் பஸ்ல அரியாங்குப்பம் தாண்டறதுக்குள்ள குரூப்புக்கு பால் ஊத்திருப்பாங்க. ஆனா மெயில் கண்ணுல படலன்னு பொய் சொல்ல மாட்டேன். பட்டுச்சு. திங்கக்கிழமை திங்கக்கிழமை பாத்தேன்.

பாத்து என்னா பண்ணேன்னு சொல்றேன், சிரிக்காதீங்க. மே மாசம் இதே ஐடி டீம் எங்கள எல்லாம் உக்கார வெச்சு ரெண்டு மணி நேரம் பாடம் எடுத்துச்சு, திருட்டு மெயில கண்டுபுடிக்கறது எப்பிடின்னு. அவசரப்படுத்துதா, "இத்தன நாள்ல அழிஞ்சிடும்"னு பயமுறுத்துதா, ஒரு பட்டன காட்டி இத அமுக்குன்னு கூப்பிடுதா, மூணும் இருந்தா அது தூண்டில், தொடாதீங்க, ரிப்போர்ட் பண்ணுங்க. நல்ல மாணவன் நான். உங்க குரூப்பு அழியப் போகுது, ரினியூங்கற பட்டன அமுக்குன்னு மெயில் வந்துச்சா, மொத தரம் பாத்தேன், ரிப்போர்ட். ரெண்டாவது தரம் வந்துச்சு, "இன்னாடா விட மாட்றானுங்க"ன்னு ரிப்போர்ட். மூணாவது தரம் கோவமா ரிப்போர்ட், அதுக்குள்ள குரூப்பே போயிருக்கு. ஒவ்வொரு தரமும் "உங்கள் விழிப்புணர்வுக்கு நன்றி"ன்னு பதில் வந்துச்சு. ஆகஸ்ட்ல சர்டிபிகேட்டு வேற குடுத்தாங்க. என் மேசைல கண்ணாடி போட்டு நிக்குது. என் குரூப்ப நானே கொல்றதுக்கு வாங்குன சர்டிபிகேட்டு.

இத தம்பிகிட்ட சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் "நீங்க செஞ்சது சரிதான் சார்"ன்னான். தொடர்ந்து, "இந்த டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிடவா சார்?"

மழை ஏழரைக்கு வந்துச்சு. மோட்டார்காரர் நம்பரு கெடச்சுது, எங்கன்னு கேளுங்க. முனை டீக்கடை சுவத்துல போன வருஷம் டீ மாஸ்டர் பென்சில்ல கிறுக்கி வெச்சது. மேல ஒரு தரம் வெள்ளையடிச்சும் லேசா தெரியுது. எவனும் ரினியூ பண்ணல, மெயில் அனுப்பல, இருக்கு. மோட்டார் எட்டே காலுக்கு வந்து எறங்குச்சு, அதுக்குள்ள கீழ் வரிசை அட்டைப்பெட்டி பதினேழு ஊறிடுச்சு. ஏன்னா எந்த வரிசைய மொதல்ல தூக்கணும்ங்கற பட்டியலும் ப்ளானரோட போயி சேந்துடுச்சு. நான் வீட்டுக்கு போக ராத்திரி பதினொண்ணரை. முருங்கப்பாக்கத்துலேந்து அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் முக்கா மணி நேரம் பஸ்ஸு நகரல. அது வேற தலைவலி, அத இங்க ஆரம்பிச்சா விடிஞ்சிடும். அதுல என் ஜன்னல் மூடாது. எல்லா பஸ்லயும் என் ஜன்னல் மட்டும் மூடாது, அது என்ன கணக்கோ.

இன்னிக்கு காலைல மேனேஜர், "புதுசா ஒரு குரூப்பு ஆரம்பிப்பா"ன்னாரு. ஆரம்பிச்சா ஏப்ரல்ல சாவும். அதனால நான் என்ன பண்ணேன், மோட்டார்காரர் நம்பரு, சாவி இருக்கற வீடு, ப்ளக் பாயின்ட்டு கணக்கு, வாய்க்கால் படம் எல்லாத்தையும் கொண்டு போயி வெள்ளிக்கிழமை பிரியாணி குரூப்புல போட்டு மேல பின் பண்ணிட்டேன். சாகா வரம் வாங்குன குரூப்பு அது ஒண்ணுதான்.

போட்டு அஞ்சு நிமிஷம் ஆகல, அக்கவுன்ட்ஸ்லேந்து ஒருத்தர் கேக்கறாரு: "அந்த மோட்டார்காரருக்கு சிக்கனா மட்டனா?"