சலிப்பு யாருக்கு?

சனிக்கிழமை மண்டபத்தில் ஒருவர் மேடையேறிப் பேசியதைக் காணொளியில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். “பால்மரம் வெட்டிய சலிப்பான வாழ்க்கை.” ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலையை அப்படிச் சொன்னார். அதுவும் மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில். இரண்டு நாளாகியும் மனசு ஆறவில்லை.

சலிப்பு வேலையில் கிடப்பதில்லை, மனசில் வருவது. ‘காத்திருந்து சலித்துப் போச்சு’ என்கிறோம். உடம்பு ஓய்ந்தால் அலுப்பு. மாற்றமே இல்லாததற்கு ‘ஒரே மாதிரி’. மனசில் ‘மொனோட்டனஸ்’ (monotonous) என்று நினைத்துக்கொண்டு வாயில் சலிப்பு என்றால் இந்த மூன்றும் குழம்பிப் போகும். அந்த ஆங்கிலச் சொல்லுக்கே கிரேக்க வேரில் ஒற்றைத் தொனி என்றுதான் பொருள். காதில் விழும் ஓசைக்கு வந்த பெயர் அது.

‘ஒரே மாதிரி’ என்றிருந்தால் சரியா? அதுவும் சாலையில் போகிறவர் பார்வைதான். நிரைக்குள், அந்த மரவரிசைக்குள் போய்ப் பாருங்கள். வெட்டுக்கோடு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக, ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து இறங்க வேண்டும். பால்குழாய்கள் பட்டைக்குள் வலப்பக்கம் லேசாக ஏறிப் போகின்றன, அப்படி வெட்டினால்தான் நிறைய குழாய் அறுபடும். சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர். கத்தி மேலோட்டமாகப் போனால் பால் குறையும், குழாய்கள் உள்பட்டையில்தான் நெருக்கம். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்படும். பிறகு புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மறுசுற்றில் அங்கே கத்தியே ஓடாது. பட்டை ஈரமென்றால் பால் வெட்டுக்கோட்டைத் தாண்டி வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்குக்கு வராது. ஐந்நூறு மரத்திலும் பட்டையின் தடிப்பு ஒன்றாக இருக்காது. விடியாத இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், அதைக் கைதான் கண்டுபிடிக்கிறது. இதில் எங்கே இருக்கிறது சலிப்பு?

“கஷ்டத்தை அழகாக்காதீர்கள்” என்று சிலர் எழுதுவீர்கள். நியாயமான பேச்சு. கொசு, அட்டை, மழை பெய்தால் போகிற கூலி, எல்லாம் உண்மை. அப்படியென்றால் கொடுமை என்று சொல்லுங்கள், கூலி பத்தவில்லை என்று சொல்லுங்கள். கொடுமை என்றால் செய்தவன் யார் என்ற கேள்வி வரும். சலிப்பு என்றால் யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லை. “மொழி மாறும்தானே” என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, மாறட்டும். இந்த மேடையில் மாற வேண்டாம்.

தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெட்டுக்கூலியிலிருந்து மாதம் பத்து வெள்ளி (டாலர்) கட்டித் தோட்டம் வாங்கினார்கள் இந்த ஜனங்கள். சலித்துப்போன மனசு பத்து வெள்ளியை எடுத்து வைக்குமா? அவர்களில் சிலர் சனிக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டேதான் அந்தச் சொல் பேசப்பட்டது.

காணொளியின் தலைப்பிலும் அதையே போட்டிருக்கிறார்கள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.