கண்டனம் கேட்பதற்கு முன்

கடந்த மாதம் ஹட்டனில் உறவினர் வீட்டுத் திருமண விருந்தில், 2019 ஏப்ரலில் நம் நாட்டின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றிப் பேச்சு எழுந்தது. படித்தவர், பொறுப்பான தொழிலில் இருப்பவர் ஒருவர், "முஸ்லிம் தலைவர்கள் அன்றைக்கே வாயைத் திறந்து கண்டித்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது" என்றார். பந்தியில் இருந்த எவரும் மறுக்கவில்லை. நானும் இலையைப் பார்த்தபடி பேசாமல் இருந்துவிட்டேன். அந்த மௌனம் இன்னும் உறுத்துவதால் இதை எழுதுகிறேன். நான் கத்தோலிக்கத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவள்; அன்று நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய ஆலயத்தில் இறந்தவர்களுக்காக அழுதவள். அந்த உரிமையோடுதான் சொல்கிறேன்.

முதலில், அவர்கள் கண்டிக்கவில்லை என்பதே உண்மைக்கு மாறானது. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானுக்கு எதிராக 2017ஆம் ஆண்டிலேயே குரல் எழுப்பி, பொலிஸில் முறைப்பாடு செய்தவர்கள் அவனுடைய சொந்த ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்களே. தாக்குதல் நடந்த பின்னர், குண்டுதாரிகளின் உடல்களை ஏற்று அடக்கம் செய்யப் போவதில்லை என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஒரு சமயத் தலைமை தன் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செத்தவனுக்கு இறுதிக் கடனையே மறுப்பதைவிடக் கடுமையான கண்டனம் வேறு என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்தும் அரசு செயற்படவில்லை என்பதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறுப்பு யாருடையது என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் நாம் பந்தியில் உட்கார்ந்து பள்ளிவாசலைத்தான் விசாரிக்கிறோம்.

நீர்கொழும்பை நினைத்துப் பாருங்கள். 'சின்ன உரோமை' என்று பெயர் பெற்ற, கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நகரம் அது. அங்கே புனித செபஸ்தியார் ஆலயத்தில் மட்டும் 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எந்த ஊரும் கொதித்தெழக்கூடிய இழப்பு அது. மே மாதம் 5ஆம் திகதி இரவு அந்நகரில் முஸ்லிம்களின் வீடுகளும் வாகனங்களும் தாக்கப்பட்டபோது, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, ஒரு முஸ்லிமின் மீதும் கை வைக்கக்கூடாது என்று தம் மக்களிடமே மன்றாடினார். அங்குள்ள மதுக்கடைகளை மூடும்படியும் கேட்டார். அந்த நேரத்தில் முஸ்லிம் தலைவர் எவர் எவ்வளவு உருக்கமாகப் பேசியிருந்தாலும், கல்லை எடுத்த கத்தோலிக்க இளைஞனின் காதில் அது விழுந்திருக்காது. அவனைத் தடுக்கக்கூடிய குரல் அவனுடைய ஆலயத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது. வந்தது. ஆனாலும் முழுமையாகக் காக்க முடியவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. பாகிஸ்தானில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி அந்த நகரில் தஞ்சம் புகுந்திருந்த, அஹ்மதியா என்ற சிறுபான்மை முஸ்லிம் பிரிவினர் வாடகை வீடுகளிலிருந்து விரட்டப்பட்டு, பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலைய வளாகத்திலும் படுத்துறங்கினார்கள். விரட்டப்பட்டவர்களில் பாகிஸ்தானியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது. வெறுப்பு எவரிடமும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை.

இலண்டன் மாநகர முதல்வராக 2016இல் தெரிவான சாதிக் கான், பேருந்துச் சாரதி ஒருவரின் மகன், முஸ்லிம். அவர் பதவியேற்பு நிகழ்வுக்குத் தெரிவு செய்த இடம் சதக் பேராலயம். அது அவருடைய பெருந்தன்மை என்று பலர் பாராட்டினார்கள், சரிதான். ஆனால் தன் கதவைத் திறந்து அவருக்கு இடம் கொடுத்த அந்தப் பேராலயத்தின் பங்கை நம்மில் எத்தனை பேர் பேசினோம்?

நமது கண்டி வேறு காட்சியைக் கண்டது. 2019 மே மாத இறுதியில், முஸ்லிம் ஆளுநர்கள் இருவரும் முஸ்லிம் அமைச்சர் ஒருவரும் பதவி விலக வேண்டும் என்று கோரி, பௌத்த துறவியான அத்துரலியே ரத்தன தேரர் தலதா மாளிகை முன்பாகச் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார். ஜூன் 3ஆம் திகதி அந்த ஆளுநர்களோடு, முஸ்லிம் அமைச்சர்கள் ஒன்பது பேரும் பதவி துறந்தார்கள். கண்டி மாவட்ட மக்கள் வாக்களித்து அனுப்பிய ரவூப் ஹக்கீமும் எம்.எச்.ஏ. ஹலீமும் அவர்களில் அடக்கம். தனித்தனியே குற்றம் செய்தார்களா என்று விசாரித்து முடிப்பதற்கு முன்னர், ஒரு சமூகத்தின் தலைவர்கள் மொத்தமாக அரசிலிருந்து வெளியேற நேர்ந்த நாள் அது. அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்தான், 2018 மார்ச்சில், அதே கண்டி மாவட்டத்தின் திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன; நாடு முழுவதும் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. வெறுப்புப் பதிவுகள் பரவியதில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. இப்பதிவைப் படிப்பவர்கள் எதையாவது பகிர்வதற்கு முன் அதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மலையகத் தமிழருக்கு இது புரியாமல் போவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள் நாம். போர்க் காலத்தில், தோட்டத்தைத் தாண்டிக் கொழும்புக்குப் போன பிள்ளைகள் சோதனைச் சாவடிதோறும் தாங்கள் புலி அல்ல என்று நிரூபித்தார்கள். என் அண்ணனும் நிரூபித்தான், பலமுறை. யாரோ செய்ததற்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று அன்று கேட்ட அதே வாயால், இன்று இன்னொருவரிடம் எப்படிப் பதில் கேட்கிறோம்?

எங்கள் நகரத்தில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவிடம்தான் அம்மா நத்தாருக்கும் தீபாவளிக்கும் கடன் கொப்பியில் எழுதித் துணி வாங்குவார். 2019 மே மாதம், அக்கடைக்கு எவரும் போகக்கூடாது என்று ஊரில் பேச்சு உலவிக்கொண்டிருந்தபோது, அம்மா மிச்சக் கடனைக் கட்டப் போனார். நானும் கூடப் போனேன். ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனோம். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றவர், வியாபாரம் எதுவும் பேசாமல், "தங்கச்சி, எங்கள மன்னிச்சிருங்க" என்றார்.

"நீங்க என்ன நானா செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா பணத்தை மேசையில் வைத்தார். அவர் அதை எண்ணவில்லை. கொப்பியை எடுத்து, அம்மாவின் பெயருக்கு நேரே கோடு போடப் பார்த்தார். கை நடுங்கியதால் கோடு பக்கத்துப் பெயரின் மேலும் இழுபட்டுவிட்டது.

அந்தப் பந்தியில் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.