பாம்பன் வலையில் சிக்கியது ஜப்பான் விமானப் புரொப்பல்லரா?

பாம்பன் அருகே மீனவர் வலையில் சிக்கியதாகச் சொல்லி, ஒரு மரப் புரொப்பல்லரின் (விமானத்தின் சுழல்விசிறி) படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த ஜப்பானின் ‘ஜீரோ’ போர் விமானத்துடையதாம். தவறு.

போரில் பறந்த ஜீரோவுக்கு இருந்தது மூன்று இதழ் உலோகப் புரொப்பல்லர். படத்தில் இருப்பது இரண்டு இதழ் மரம். நடுப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: போல்ட் துளைகளைச் சுற்றி ஆங்கிலத்தில் ‘ஜிப்சி மேஜர்’, ‘டிஆர்ஜி’, ‘டி’, ‘பி’, ‘எல்எச்’ என்று குத்தியிருக்கிறது. ஜிப்சி மேஜர் என்பது பிரிட்டனின் டி ஹாவிலண்ட் எஞ்சின். டி விட்டம், பி பிட்ச், அதாவது ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம். எல்எச் இடஞ்சுழி, அந்த எஞ்சின் சுழலும் திசையும் அதுதான். டிஆர்ஜிக்குப் பின்னால் வருவதை விமான எண் என்கிறார்கள் படத்தைப் பகிர்பவர்கள். அது புரொப்பல்லரின் வடிவமைப்பு வரைபட எண், ஒரே வடிவில் செய்த எல்லாவற்றிலும் இருக்கும்.

சரி, எந்த விமானம்? இந்தியாவில் பயிற்சிக்குப் பறந்த டைகர் மாத்தாக இருக்கலாம். ஆனால் லெப்பர்ட் மாத், ஹார்னெட் மாத்திலும் இதே எஞ்சின்தான். முத்திரையை மட்டும் வைத்து விமானத்தை உறுதிசெய்ய முடியாது.

அப்புறம், கடலில் கிடந்த கதை. மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் எண்பது வருஷம் திறந்து கிடந்த மரத்தைக் கப்பல் புழு (மரத்தைத் துளைக்கும் கடல் உயிரி) சல்லடையாக்கியிருக்கும். இதிலோ வார்னிஷ்கூடப் போகவில்லை.