மருத்துவ அறையில் கைரோபிராக்டருக்கு ஒரு நாற்காலி போடலாம், சாவியைக் கொடுக்கலாமா?

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் வாட்ஸப்பில் ஒரு ரீல் அனுப்பினான். மேசையில் குப்புறப் படுத்திருக்கும் ஒரு கால்பந்து வீரர், அவர் முதுகில் கையை ஊன்றி நிற்கும் கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சிகிச்சை செய்கிறவர். ஒரே அழுத்து, மடக்கென்று சத்தம். வீரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கீழே நண்பனின் குறிப்பு: "நீ எப்பப் பாரு பிசியோ பிசியோங்கிற. பெரிய கிளப்பெல்லாம் இவங்களைத்தான் மச்சான் வெச்சிருக்கான்."

பதில் அடிக்க உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் இங்கேயே போடுகிறேன்.

முதலில் அந்தச் சத்தம். நம் ஊர் சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையை இரு கையால் பிடித்து ஒரு திருப்பு திருப்பி நெட்டி எடுப்பார்களே, அதே சத்தம்தான். எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று நினைப்போம். அப்படி எதுவும் நடப்பதில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில், இரு பரப்புகளும் சட்டென்று விலகும்போது ஒரு வாயுக் குழி உண்டாகிறது, அவ்வளவுதான். 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலை வைத்து இழுத்து, இதைப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். இழுக்கக் கொடுத்த விரல் ஒரு கைரோபிராக்டருடையது என்பது கூடுதல் சுவாரசியம்.

ஆனால் நிம்மதி பொய்யில்லை. வலி கொஞ்ச நேரத்துக்குக் குறைகிறது, இறுகிக் கிடந்த தசை தளர்கிறது. சாதாரண முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்கலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் அமைப்பு ஒன்று 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கையால் முதுகெலும்பை அழுத்தும் இந்தச் சிகிச்சையும் இருக்கிறது. உடற்பயிற்சி, மசாஜ் போன்றவற்றோடு சேர்த்துத்தான்.

இந்தத் துறை பிறந்த கதை கொஞ்சம் விசித்திரமானது. 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர், கட்டடத் துப்புரவுப் பணியாளர் ஒருவரின் முதுகெலும்பைச் சரிசெய்து அவருடைய காது கேட்காத குறையைப் போக்கியதாகச் சொன்னார். நோயெல்லாம் பெரும்பாலும் முதுகெலும்பு விலகலால் வருவது என்பது அவர் வாதம். மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் இவர்களை ஒழிக்கவே ஒரு குழு வைத்திருந்தது. கைரோபிராக்டர்கள் வழக்குப் போட்டு, 1987-ல் நீதிமன்றம் அந்தப் புறக்கணிப்பைச் சட்டவிரோதம் என்று சொன்னது. சிகிச்சை பலிக்குமா என்பது வேறு விஷயம், கதவு திறந்துவிட்டது.

அந்தக் கதவு வழியாக அதிகம் உள்ளே போனது அமெரிக்கக் கால்பந்துக்குள், அதாவது அந்த ஆட்டத்தின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லுக்குள். 2002-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், 31 சதவீத அணிகளில்தான் அதிகாரபூர்வமாக ஒரு கைரோபிராக்டர் இருந்தார். ஆனால் பதில் சொன்ன தலைமைப் பயிற்சி மருத்துவ உதவியாளர்களில் 77 சதவீதம் பேர் வீரர்களை வெளியே இவர்களிடம் அனுப்பியிருந்தார்கள். இன்று 32 அணிகளிலும் ஆள் இருக்கிறார் என்று இவர்களின் சங்கமே பெருமையாகச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆட்களோடு மோதுகிறவன், எழுந்து நடக்க உதவுகிற எந்தக் கையையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான்.

நாம் ஃபுட்பால் என்று சொல்கிற ஆட்டத்தில் இந்தக் கதையின் உச்சம் இத்தாலியின் ஏசி மிலான் கிளப். நான் அந்த அணியின் பழைய ரசிகன், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000-ல் ரியல் மாட்ரிட்டிலிருந்து ஃபெர்னாண்டோ ரெடொன்டோவைப் பெரும் தொகைக்கு வாங்கினார்கள். வந்த சூட்டோடு முழங்கால் போய்விட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆடவில்லை. ஆடாமல் சம்பளம் வாங்க மாட்டேன் என்று மனிதர் மறுத்துவிட்டார், கிளப் கொடுத்த வீட்டையும் காரையும்கூடத் திருப்பித் தரப் பார்த்தார். மொத்தம் 16 லீக் ஆட்டங்களோடு 2004-ல் முடிந்தது. அந்த அடியிலிருந்துதான் மிலான் லேப் பிறந்தது என்பார்கள். 2002-ல் தொடங்கிய அந்த ஆய்வகத்தின் தலைவர் ஒரு கைரோபிராக்டர்: பெல்ஜியத்துக்காரர் ஷான்-பியர் மெர்ஸ்மன். எலும்பு மருத்துவரும் பிசியோவும் இருக்கும் இடத்தில் மேலே உட்கார்ந்தது இவர். வீரர்களின் பல்லையும் தாடையையும்கூடப் பார்ப்பார். கடி சரியில்லை என்றால் உடலின் சமநிலை கெடும், தசை இழுக்கும் என்பது அவர் நம்பிக்கை. குதிக்கும் உயரம், ரத்தப் பரிசோதனை, மனநிலை என்று சேர்ந்ததெல்லாம் கணினிக்குள் போகும். யாருக்கு எப்போது காயம் வரும் என்று முன்கூட்டியே கணிக்கப் பார்த்தார்கள்.

2007 மே 23, ஏதென்ஸ். சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூலை 2-1 என்று வீழ்த்திய அணியின் சராசரி வயது 31-க்கு மேல். கேப்டன் மால்டினிக்கு 38. இரண்டு கோலும் போட்ட இன்சாகிக்கு 33. நாலு நாள் முன்புதான் கொஸ்டகுர்தா 41 வயதில் கடைசி லீக் ஆட்டம் ஆடி முடித்திருந்தார். மிலானின் பயிற்சி வளாகமான மிலானெல்லோவை உலகமே அதிசயமாகப் பார்த்தது. நானும்தான்.

அப்புறம் பாட்டோ வந்தான். அதே 2007-ல் 17 வயதில் வாங்கிய பிரேசில் பையன், காற்றைப் போல ஓடுவான். 2010-க்குப் பிறகு தொடையில் ஒன்று மாற்றி ஒன்று. குணமாகி வருவான், நாலு ஆட்டம், மறுபடி தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போவான். அத்தனை கருவியும் கணக்கும் இருந்த அதே வளாகம். 2013 ஜனவரியில் கொரிந்தியன்ஸுக்கு விற்றுவிட்டார்கள், அப்போது அவனுக்கு 23 வயது. மால்டினி ஓடியது மெர்ஸ்மன் கையாலா, மால்டினி என்பதாலா? என்னால் சொல்ல முடியாது. பாட்டோவுக்காக அவரைத் திட்டாமல், மால்டினிக்காக மட்டும் மாலை போடுவது நியாயமில்லை என்பதுதான் என் கட்சி.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? ஆஸ்திரேலியக் கால்பந்தில் (கையாலும் ஆடும் அந்த ஊர் ஆட்டம்) இரண்டு கிளப்புகளின் 59 வீரர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்போடு கைரோபிராக்டிக் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. காலின் தசைக் காயங்கள் குறைந்தன. ஆனால் எல்லாரும் பயப்படும் ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்பக்கத் தசை) காயத்தில் மட்டும் பார்த்தால், உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆட்களும் குறைவு. ஒதுக்கித் தள்ளவும் முடியாது, பேனர் கட்டவும் முடியாது.

அடுத்த ஆண்டே டென்மார்க்கில் 50 அணிகள், 942 வீரர்களை வைத்து வேறொரு ஆய்வு. செய்தது ஒரே பயிற்சி: மண்டியிட்டுக்கொள்ள வேண்டும், ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை மெல்ல மெல்ல முன்னால் சாய்க்க வேண்டும். பயிற்சி செய்யாத அணிகளில் 52 ஹாம்ஸ்ட்ரிங் காயம், செய்த அணிகளில் 15. இதற்கு மேசையும் வேண்டாம், சத்தமும் வராது. அதனாலேயே யாரும் ரீல் போடுவதில்லை.

பிறகு எதற்குக் கைரோபிராக்டரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். என் பதில், வீரர்கள் எப்படியும் போகத்தான் போகிறார்கள். 2009 நவம்பரில் கணுக்கால் போன கால்பந்து வீரர் ராபின் வான் பெர்சி, குதிரை நஞ்சுக்கொடித் திரவம் தேய்க்கும் ஒரு பெண்மணியைத் தேடி பெல்கிரேடுக்குப் போனார். திரும்பி ஆட ஏப்ரல் ஆனது. 2014 சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கு முன்பு டியேகோ கோஸ்டாவும் அதே வைத்தியத்துக்குப் போய் வந்து, லிஸ்பனில் ஒன்பதாவது நிமிடமே வெளியேறினார். இத்தனை பணம் இருக்கும் உலகத்திலேயே இப்படி. நம் ஊரில் சுளுக்கு எடுக்கும் பாட்டி வீட்டுக்கு ஓடுவதற்கும் இதற்கும் விமான டிக்கெட் மட்டும்தான் வித்தியாசம்.

ஏன் போகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். கிளப் டாக்டர் வீரனின் கண்ணுக்குப் பாதி மேனேஜரின் ஆள். "வலிக்குது" என்றால் சனிக்கிழமை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார் என்ற பயம். மேசையில் கால் மணி நேரம் கை வைத்து நிதானமாகப் பார்க்கிறவரிடம் வாய் தானாகத் திறக்கும். போன வாரமே இடுப்பில் பிடித்தது, யாரிடமும் சொல்லவில்லை என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும். அந்தத் தகவல் அன்றைக்கே டாக்டரின் கோப்புக்குப் போக வேண்டும் என்றால், அந்தக் கைக்காரர் உள்ளே, சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். பிசியோ எழுதும் அதே கோப்பில் அவரும் எழுத வேண்டும். ஆடத் தகுதியா இல்லையா என்ற கையெழுத்து மட்டும் டாக்டருடையது. மெர்ஸ்மன் உட்கார்ந்த நாற்காலியை யாருக்கும் மறுபடி கொடுக்க வேண்டாம்.

கழுத்தில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர், சட்டென்று திருப்பும்போது கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். 2016-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 34 வயது மாடல் ஒருவர் இறந்தபோது, கைரோபிராக்டர் கழுத்தைத் திருப்பியதே காரணம் என்று பிரேதப் பரிசோதனை அதிகாரி எழுதினார். மோதி விழுந்து கழுத்து வலிக்கிறது என்று வருகிற வீரனுக்கு ஏற்கெனவே உள்ளே கிழிசல் இருக்கலாம், கையால் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்கேன் இல்லாமல் அந்தக் கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

இதைப் படித்த பிறகு சலூனில் நானும் மாறிவிட்டேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவர் தாடைக்குக் கீழே கையைக் கொண்டு வரும்போதே, "அண்ணே, கழுத்து வேணாம்ணே" என்று சொல்லிவிடுகிறேன். முதல் தடவை முகம் தொங்கிப்போய்விட்டது அவருக்கு. இப்போது விரலில் மட்டும் சொடக்கு எடுத்து அனுப்புகிறார்.