பழைய வண்டியின் மேல் பழி போடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததைப் பற்றி இங்கே பலரும் எழுதிவிட்டீர்கள், காணொளியையும் பார்த்துவிட்டீர்கள். ஆகவே கதையை மறுபடியும் விரிக்கப் போவதில்லை. பழைய கார்க் கண்காட்சியில் ஒரு தம்பி மீட்டெடுத்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் பானெட்டைத் தூக்கியதும் புகை வந்தது, யாரோ ஓடிப்போய் பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள், நல்ல வேளையாக ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு அந்தத் தம்பி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "பழைய வண்டின்னா அப்படித்தாங்க இருக்கும்."

அப்படியெல்லாம் இருக்காது. வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அது. 1960களில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து, எத்தனையோ மழையையும் எத்தனையோ ஓட்டுநர்களையும் பார்த்த பிறகும் எரியாத வண்டி, எலக்ட்ரிக் ஏரியல் (ரேடியோவுக்காக மோட்டாரால் ஏறி இறங்கும் கம்பி) பொருத்திய கையோடு எரிகிறது என்றால் தவறு வண்டியின் வயதில் இருக்கிறதா, பொருத்தியவர் செய்த வேலையில் இருக்கிறதா? கூட்டம் கலைந்த பிறகு நான் குனிந்து பார்த்தேன். ஏரியல் மோட்டாருக்குப் போகும் சிவப்பு ஒயரை, பேட்டரியிலிருந்து நேராக ஓடும் பழுப்பு ஒயரில் தோலைச் சீவி முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றியிருந்தார்கள். வழியில் ஃப்யூஸ் என்று ஒன்றும் இல்லை.

லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனத்தின் வண்ண முறையில் ஒயரிங் செய்த கார்களில் பழுப்பு என்பது பேட்டரியிலிருந்து நேரடியாக வரும் ஒயர். சாவியைக் கழற்றினாலும் அதில் மின்சாரம் இருக்கும், ஃப்யூஸின் காவலும் அதற்குக் கிடையாது. ஃப்யூஸ் வழியாக எப்போதும் மின்சாரம் இருப்பது ஊதா. சாவி போட்ட பிறகு ஃப்யூஸ் வழியாக வருவது பச்சை. எர்த்துக்கு, அதாவது மின்சாரம் வண்டியின் பாடி வழியாகத் திரும்பும் பாதைக்கு, கறுப்பு. இது இரகசியமில்லை, பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களில் கைவைக்கும் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் தூக்கத்திலும் சொல்வார். முழு ஆட்டோமேட்டிக் ஏரியலுக்கு எப்போதும் மின்சாரம் தேவைதான், ஏனென்றால் ரேடியோவை அணைத்த பிறகுதான் கம்பியை உள்ளே இழுத்துக்கொள்ள மோட்டார் ஓட வேண்டும். வண்டி பூட்டி நிற்கும்போதும் உயிரோடு இருக்கும் ஒயர் என்பதால்தான் அதில் ஃப்யூஸ் கட்டாயம். மின்சாரத்தை எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு 10 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஃப்யூஸ் மட்டும் போயிருக்கும், நாமும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

இதைவிடப் பெரிய கொடுமை ஏரியலை வைத்த இடம். ஹெரால்டின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் முன் மட்கார்டுகள் இரண்டும் பானெட்டோடு ஒரே துண்டாக இணைந்தவை. கண்ணாடிப் பக்கத்தைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். என்ஜினின் இரு பக்கமும் திறந்துகொண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம், அவ்வளவு அருமையான அமைப்பு. அந்த மட்கார்டில் போய்த் துளை போட்டு ஏரியலை நிறுத்தினால், ஒவ்வொரு முறை பானெட்டைத் தூக்கும்போதும் மோட்டாரும் கேபிளும் ஒயரும் அதனுடனே மேலே போய்க் கீழே வர வேண்டும். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால் நீட்டிய கம்பி, எதிரே நிற்பவர் முகத்துக்கு நேராகச் சாயும். ஒயரும் எத்தனை நாள்தான் இழுபடும்? தகட்டின் விளிம்பில் உரசி உரசித் தோல் தேய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பார்வையாளர்களுக்காகப் பானெட்டைத் தூக்கியபோது உள்ளிருந்த செம்பு தகட்டைத் தொட்டது. இதில் வண்டி செய்த குற்றம் என்ன?

ஹெரால்டுக்கு ஏரியல் வைக்க வேண்டுமானால் பின் மட்கார்டில் வைக்க வேண்டும். டிக்கிக்குள் பெட்ரோல் டேங்க் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் வைக்க வேண்டும். மோட்டாரின் அடியில் இருக்கும் சிறு குழாயில் ரப்பர் டியூபைச் செருகி, டிக்கியின் தரை வழியாக வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் கம்பி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் மோட்டாருக்குள் தங்கி, அடுத்த மழைக்காலத்துக்குள் துருப்பிடித்துவிடும். இவ்வளவையும் நான், ஏரியல் பொருத்துவதைக் காட்டிய முந்தைய காணொளியின் கீழே மரியாதையாகவே எழுதினேன். வந்த பதில்கள் உங்களுக்குத் தெரியும். "பெரியவருக்குப் பொறாமை" என்றார் ஒருவர். "ரேடியோ கேட்கிற வயசு" என்றார் இன்னொருவர், அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. என்னுடைய குறிப்பு மட்டும் மறுநாள் அங்கே இல்லை. பரவாயில்லை, புகைக்குப் பிறகு காணொளியும் இல்லை.

எங்கள் அப்பாவின் அம்பாசடருக்கு எலக்ட்ரிக் ஏரியல் போட்டபோது நான் பள்ளிக்கூடப் பையன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் ஒரு பாய், ஆட்டோ எலக்ட்ரீஷியன். வேலை முடிவதற்குள் அப்பாவுக்கு அவர் மேல் கோபம் வந்துவிட்டது, ஏனென்றால் அவர் முதலில் செய்த காரியம் மட்கார்டின் உட்பக்கத்தில் பெயின்டைச் சுரண்டியதுதான். துளையைச் சுற்றி வளையமாக, தகடு வெள்ளையாகப் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்தார். "புது பெயின்டை ஏன் பாய் எடுக்கிறீர்கள்?" என்று அப்பா பதறினார். பாய் நிமிரவில்லை. பல் வைத்த வாஷரை அந்த இடத்தில் உட்காரவைத்து, நட்டை இறுக்கி, மேலே வாஸலினைத் தடவிய பிறகுதான், "எர்த் பிடிக்கலைன்னா பாட்டு வராது சார், என்ஜின்தான் பாடும்" என்றார்.

அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஏரியலிலிருந்து ரேடியோவுக்குப் போகும் கேபிளின் வெளிச்சுற்றான வலை உறை, ஏரியலின் அடிப்பகுதி வழியாகப் பாடியோடு நன்றாகச் சேர்ந்தால்தான் இக்னிஷனின் படபடப்பு ரேடியோவுக்குள் நுழையாது. ஹெரால்டில் இது இன்னும் முக்கியம். அதற்குத் தனிச் சேஸிஸ், மேலே போல்ட் போட்டுச் சேர்த்த பாடித் துண்டுகள். மட்கார்டு இரும்புதானே, எர்த் தானாகவே கிடைத்துவிடும் என்று நம்பக் கூடாது. மோட்டாரிலிருந்து தனியாக ஒரு கறுப்பு ஒயரை இழுத்து, நல்ல லக் (ஒயர் முனையில் வைக்கும் உலோகக் கண்ணி) வைத்து, சுத்தம் செய்த இடத்தில் இறுக்க வேண்டும்.

பாய் அத்தோடும் விடவில்லை. கம்பியை முழுவதும் நீட்டச் சொல்லி, ரேடியோவின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன ஓட்டைக்குள் மெல்லிய திருப்புளியை விட்டு, மீடியம் வேவில் 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் எங்கோ முனகிக்கொண்டிருந்த ஒரு நிலையத்தைப் பிடித்து, ஒலி உச்சத்துக்கு வரும் வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஏரியலையும் கேபிளையும் ரேடியோவோடு பொருத்தும் டிரிம்மர் அது. அன்று இரவு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அம்மா இலங்கை வானொலி கேட்டார். இன்று அந்தத் திருகு எதற்கு என்று கேட்டால் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? அதன் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள்.

"புளூடூத் இருக்கிறபோது ரேடியோ எதற்கு?" என்று கேட்பவர்கள் வரிசையில் வருவீர்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் வைத்துக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான்.

"ஹெரால்டில் எலக்ட்ரிக் ஏரியலே ஒரிஜினல் இல்லையே, நீங்கள் எப்படி ஆதரிக்கலாம்?" என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மோட்டார் வைத்த ஏரியலைத் துணைப்பொருளாக வாங்கிப் பொருத்துவது அந்தக் காலத்திலேயே இருந்த வழக்கம், நேற்று முளைத்த ஆடம்பரம் அல்ல. கையால் இழுக்கும் கம்பியை வைத்திருப்பவரை நான் மதிக்கிறேன், அதுதான் அந்த வண்டிக்கு அழகு என்றுகூட ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரிஜினல் ஒரிஜினல் என்று மேடையில் மதிப்பெண் போடுகிறவர்கள் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்ததுண்டா? வெளியே ஸ்கிரூவின் தலைகூடப் பழைய மாதிரி இருக்க வேண்டும், உள்ளே சீரியல் பல்பு ஒயரும் பிளாஸ்டிக் டேப்பும் தொங்கலாம், அதற்கு மதிப்பெண் குறையாது. நல்ல நியாயம்.

"சார், ரேடியோ செட்டில் ஏரியலுக்கென்று நீல ஒயர் இருக்கிறதே, அதில் கொடுத்தால் போதாதா?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். கேட்டதற்கு நன்றி, காணொளி எடுப்பவர்கள் இதைக்கூடக் கேட்பதில்லை. அந்த ஒயர் மோட்டாரை ஓட்டுவதற்கானது அல்ல, ஏரியலுக்குச் சமிக்ஞை கொடுப்பதற்கு மட்டுமே உள்ளது. பெரும்பாலான செட்களில் அது தாங்குவது 300 மில்லி ஆம்பியர் அளவுதான், மோட்டாரோ ஆம்பியர் கணக்கில் இழுக்கும். முழு ஆட்டோமேட்டிக் ஏரியலில் உள்ளேயே ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) இருக்கும், அதன் சமிக்ஞை ஒயரில் நீலத்தைக் கொடுக்கலாம். சுவிட்சை அழுத்தி ஏற்றி இறக்கும் வகை ஏரியலில் நீலத்தைக் கொடுத்தால் செட்தான் போகும், வெளியே ரிலே வைத்தே ஆக வேண்டும். ரிலே விலை அதிகம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வண்டிக்கு ஏற்றிய பாலிஷ் கூலியைக் கணக்குப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பின் மட்கார்டிலிருந்து முன்னால் வரும் நீண்ட தூரத்துக்கு டிவி கேபிளை ஒட்டுப்போடுவதும் இப்போது பரவிவிட்டது. எஃப்எம்முக்கு ஏதோ ஒப்பேறும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு முக்கால் மீட்டர் கம்பியே கால் அலைநீளம், அது நன்றாகப் பிடிக்கும். மீடியம் வேவுக்கு அந்தக் கம்பி மிகச் சிறியது. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 400 மீட்டருக்கு மேல். கம்பி பிடிக்கும் அந்தத் துளி சக்தியைக் கேபிளின் கெபாசிட்டன்ஸ் (மின்சாரத்தைத் தேக்கும் தன்மை) வழியிலேயே விழுங்கிவிடும். கார் ஏரியல் கேபிளில் அது மீட்டருக்கு ஏறக்குறைய 30 பிகோஃபாரட், டிவி கேபிளில் 50, 60 என்று போகும். அப்புறம் "பழைய ரேடியோ சார், எடுக்கவில்லை" என்பார்கள். பார்த்தீர்களா, அங்கேயும் பழையதன் மேல்தான் பழி.

வேலை தெரிந்த பாய்களெல்லாம் ஒவ்வொருவராகக் கடையை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய மகன்கள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை, ஏன் வர வேண்டும்? ஒரு நாள் முழுக்க டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, ஒவ்வொரு தகட்டு ஓட்டைக்கும் ரப்பர் கிராமட் (விளிம்பு ஒயரை அறுக்காமல் காக்கும் வளையம்) போட்டு ஒயரை இழுப்பவரிடம் கூலியில் பேரம் பேசுகிறோம். பத்து நிமிடத்தில் முறுக்கிக் காட்டுபவருக்குக் கைதட்டுகிறோம். புகை வந்தால் வண்டியைத் திட்டுகிறோம். வண்டிக்கு வாய் இல்லை என்ற தைரியம்தானே?

"இளைஞர்களை ஊக்கப்படுத்தாமல் குத்திக் காட்டுகிறீர்கள்" என்று எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வண்டியைக் குப்பையிலிருந்து மீட்டு ஓடவைத்த உழைப்பை நான் ஒருபோதும் குறைத்துச் சொன்னதில்லை, முதல் நாள் வாழ்த்தியவர்களில் நானும் ஒருவன். வாழ்த்தியபோது நான் பெரியவர், ஃப்யூஸ் போடச் சொன்னபோது பொறாமைக்காரன்.

தம்பி இதைப் படிப்பாரா என்று தெரியவில்லை. படித்தால், முன் மட்கார்டில் போட்ட அந்தத் துளையைப் பட்டி வைத்து மட்டும் மூட வேண்டாம். பானெட் ஒவ்வொரு முறை அதிரும்போதும் பட்டி விரிசல் விடும், உள்ளே தண்ணீர் இறங்கும். தகடு வெட்டி வைத்து வெல்டு அடித்து, இரு பக்கமும் ஜிங்க் பிரைமர் பூசச் சொல்லுங்கள். எரிந்த ஒயரையும் நடுவில் வெட்டி ஒட்டாமல், முனையிலிருந்து முனை வரை புதிதாக மாற்றுங்கள். பின் மட்கார்டில் ஏரியல் பொருத்தும் அன்று கூப்பிட்டால் என் மீட்டரோடு வருகிறேன். கேமரா வேண்டாம்.