புரோகிராமர் ஆவதற்கு எவ்வளவு படிக்க வேண்டும்?

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கத்துப் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: பிள்ளை கம்ப்யூட்டர் வேலைக்குப் போக வேண்டுமானால் பி.இ. சேர்த்தே ஆக வேண்டுமா? சிலர் வயலை அடமானம் வைக்கும் யோசனையோடு வந்து கேட்கிறார்கள். மென்பொருள் துறையில் நீண்ட காலம் வேலை பார்த்து, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலும் இருந்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். நிரல் (புரோகிராம்) எழுதும் வேலையைச் செய்வதற்கு, ஒழுங்காகப் படித்த பன்னிரண்டாண்டுப் பள்ளிப்படிப்பும், அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் எழுதிப் பழகுவதும் போதும். பட்டம் என்பது வேலையைத் தெரிந்துகொள்வதற்கு அவசியமில்லை. ஆனால் பல நிறுவனங்களின் வாசலைத் தாண்டுவதற்கு இன்னும் அவசியமாகவே இருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால்தான் குடும்பங்கள் தாங்க முடியாத கடனில் விழுகின்றன.

இந்தத் தொழில் பட்டத்தோடு பிறந்த தொழில் அன்று. நெதர்லாந்தின் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1957இல் தம் திருமணப் பதிவில் தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று குறிப்பிட்டபோது, அப்படியொரு தொழிலே இல்லை என்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சி அதை ஏற்க மறுத்துவிட்டது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலுக்கென்று தனித் துறை உருவானது 1962இல்தான். மறு ஆண்டு கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்தபோது, அதில் நிரல் எழுதக் கற்றவர்களில் யாரிடமும் கணினிப் பட்டம் இருந்திருக்க வழியில்லை.

அதற்காகப் படிப்பே வேண்டாம் என்று சொல்கிறவர்களை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பில் கேட்ஸ் படிப்பைப் பாதியில் விட்டவர்தானே என்பார்கள். அவர் படித்த பள்ளிக்கு 1968இலேயே கணினி முனையம் வந்துவிட்டது. அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. 1975இல் ஹார்வர்டை விட்டு வெளியேறியபோது அவர் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நிரல் எழுதிப் பழகியிருந்தார். அந்த ஏழு ஆண்டுகளைச் சொல்லாமல், வெளியேறியதை மட்டும் எடுத்துச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

பள்ளிப்படிப்பில் இந்த வேலைக்கு உண்மையில் கைகொடுப்பவை எவை? முதலாவது, பொறுமையாக வாசிக்கும் பழக்கம். பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் பாதியில் நின்றால், எந்தக் கோப்பில், எந்த வரியில், என்ன பிழை என்று திரையிலேயே வந்துவிடும்; பிழையின் பெயர் பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும். புதிதாக வரும் பிள்ளைகள் பலர் அதை வாசிப்பதே இல்லை. சிவப்பு எழுத்தைக் கண்டதும் பதறி அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள், இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து வருவதை அப்படியே ஒட்டுகிறார்கள். அந்த விடை சரியா என்று பார்ப்பதற்கும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சரளமாக ஆங்கிலம் பேசத் தெரியாதது நிரல் எழுதத் தடையாகாது. ஒரு கையேட்டை மெதுவாகவேனும் தானே படித்துப் புரிந்துகொள்ள முடியாதது நிச்சயம் தடையாகும். தமிழ் வழியில் படித்தவர்களில் மிகச் சிறந்த நிரலாளர்களோடு நான் பணியாற்றியிருக்கிறேன். அவர்கள் எல்லாரிடமும் இந்த வாசிப்புப் பழக்கம் இருந்தது.

அடுத்தது கணக்கு. கடை ரசீதோ மருத்துவமனைப் பதிவேடோ உருவாக்கும் சாதாரண மென்பொருளுக்கு நுண்கணிதம் தேவைப்படுவது அபூர்வம். கணங்கள், சார்புகள், மீதி காணல், தர்க்கம் ஆகிய பள்ளிக் கணக்கு ஐயமறத் தெரிந்தால் போதும். தரவுகளிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளச் செய்யும் இயந்திரக் கற்றலுக்குப் போக விரும்புகிறவருக்கு மட்டும் அணிகளும் நிகழ்தகவும் கல்லூரி அளவில் வேண்டும். கல்லூரிப் பாடங்கள் வீண் என்றும் நான் சொல்ல மாட்டேன். வரிசைப்படுத்திய பத்து லட்சம் பெயர்களில் ஒன்றை முதலிலிருந்து தேடினால் பத்து லட்சம் ஒப்பீடுகள் வரை ஆகலாம். ஒவ்வொரு முறையும் நடுவில் பார்த்துப் பாதியை விலக்கிக்கொண்டே போனால் இருபதில் முடிந்துவிடும். இது தெரியாதவர் எழுதிய நிரலும் முதல் நாள் ஓடும். வாடிக்கையாளர் பெருகும்போதுதான் நின்றுபோகும். தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, வலைப்பின்னல் ஆகிய மூன்றையும் கல்லூரியிலோ தாமாகவோ ஒருநாள் படித்தே தீர வேண்டும்.

இனி வாசல் பற்றி. பெரிய நிறுவனங்கள் பல இன்றும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. அரியர் இருக்கக் கூடாது என்கின்றன. அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு ஈடான அனுபவமோ காட்ட வேண்டும். ஆகவே பட்டம் வாங்குங்கள், ஆனால் கடனில்லாமல் வாங்குங்கள் என்பேன். அரசு கலைக் கல்லூரியில் பி.சி.ஏ. படிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பில் ஜே.இ.இ. எழுதாமல், பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவரும் தகுதித் தேர்வின் வழியே சேரலாம். இடையில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த கட்டத்துக்குச் சான்றிதழோ டிப்ளமாவோ கிடைக்கும். தென்காசியிலேயே ஜோஹோ மென்பொருள் நிறுவனம் நடத்தும் பள்ளியில் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் தருகிறார்கள். அங்கே பயின்றவர்களுக்கும், வேறு நிறுவனத்துக்கு மாற நேர்ந்தால் உதவும் என்பதால், தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டம் முடித்துவைக்கச் சொல்வேன்.

என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறினால் கேரளத்தின் ஆரியங்காவு. அங்கே படிக்கும் பிள்ளைக்குத் தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடம், எஸ்.எஸ்.எல்.சி.யில் அதற்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. கேரளம் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் பயன் அது. இந்தப் பக்கம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணினி தனிப் பாடமாக இல்லை. பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் எடுப்பவர் சி++, அடுத்த ஆண்டு பைத்தான் என்று தமிழ்ப் பாடநூலிலேயே நன்றாகப் படிக்கிறார். உயிரியல் குரூப்புக்குப் போகிறவர் ஒரு வரி நிரல்கூட எழுதாமல் பள்ளியை முடித்துவிடலாம். நம் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப்கள் இருக்கின்றன. அவற்றை மாலையில் இரண்டு மணி நேரம், எந்தக் குரூப் மாணவருக்கும், ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் திறந்துவையுங்கள் என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் நாம் கேட்க வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளி இசைந்தால், வாரத்தில் இரண்டு மாலைகள் வந்து சொல்லிக்கொடுக்க நான் தயாராக இருக்கிறேன்.