மால்டாவுக்கு வரலாறு இல்லை என்றவருக்கு

ஞாயிற்றுக்கிழமை இணையவழிக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். "மால்டாவுக்கென்று தனி வரலாறு ஏது? யார் யாரோ வந்தார்கள், ஆண்டார்கள், போனார்கள், அவ்வளவுதான்" என்று பேச்சாளர் சொன்னதும், நான் மறுத்துப் பேசத் தொடங்கிய உடனே என் ஒலி நிறுத்தப்பட்டதும் மூன்று நாளாக மனத்தை அறுத்துக்கொண்டிருக்கின்றன. மால்டா மத்தியதரைக் கடலில் உள்ள ஒரு சிறிய தீவு நாடு. ஆட்சியாளர்களின் பட்டியல் ஒரு நாட்டின் வரலாறு ஆகாது. அன்று சொல்ல விடாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பட்டியல் எனக்கும் தெரியும். பினீசியர், கார்த்தேஜியர், கி.மு. 218 முதல் ரோமர், பிறகு பைசாந்தியர், 870இல் அரேபியர், 1091இல் நார்மானியர், பின்னர் ஸ்பெயின் பகுதியின் அரகோன் அரசர்கள், 1530இல் புனித யோவான் சபையின் வீரத்துறவிகள், 1798இல் நெப்போலியன், 1800 முதல் பிரித்தானியர். இதில் மால்டாக்காரர் எங்கே?

1420களில் அரகோன் அரசர் பணமுடையில் தீவை மொன்ராய் என்ற பிரபுவிடம் அடகு வைத்தார். அவருடைய கெடுபிடி தாங்காமல் மக்கள் 1426இல் கிளர்ந்தெழுந்தார்கள். மீட்புத் தொகை 30,000 பொன் ஃப்ளோரின் என்று முடிவானபோது, அந்த ஏழைத் தீவு தன்னைத் தானே விலை கொடுத்து மீட்கத் துணிந்தது. இனி எவருக்கும் தர மாட்டேன் என்று 1428இல் அரசர் சாசனம் எழுதிக் கொடுத்தார். நூறாண்டு கழிந்ததும் அரகோன் அரியணைக்கு வாரிசான பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அதே தீவை, ஆண்டுக்கு ஒரு வல்லூறு என்ற குத்தகைக்கு வீரத்துறவிகளிடம் கொடுத்துவிட்டார். பட்டியல் போடுகிறவர்கள் வல்லூறை மறக்காமல் சொல்கிறார்கள்; கிழிக்கப்பட்ட சாசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

1798ஆம் ஆண்டும் அப்படித்தான். "பிரெஞ்சுக்காரரைப் பிரித்தானியர் விரட்டினார்கள்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டார் பேச்சாளர். இம்தீனா நகரில் தேவாலயப் பொருள்களை ஏலம் விட வந்தவர்களுக்கு எதிராக, செப்டம்பர் 2 அன்று எழுந்தவர்கள் மால்டா மக்கள். பிரெஞ்சுப் படை அடைபட்டிருந்த தலைநகர் வலேட்டாவைத் திறந்துவிடச் சதி செய்தார் என்று டுன் மிக்கியல் ஷெர்ரி என்ற பாதிரியாரைப் பிரெஞ்சுக்காரர்கள் 1799 ஜனவரியில் சுட்டுக் கொன்றார்கள். பிரித்தானியக் கப்பல்கள் உதவிக்கு வந்தன என்பது உண்மை. ஆனால், ஏற்கெனவே மூண்டிருந்த போருக்குத்தான் வந்தன.

நான் ஆறு ஆண்டுகள் மால்டாவில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். அங்கே எண்பத்தெட்டு வயதான ஒரு மூதாட்டி இருந்தார். பாட்டியை அவர்கள் 'நான்னா' என்பார்கள். நானும் அப்படித்தான் அழைத்தேன். வீஹெத், த்னேய்ன், த்லீத்தா என்று அரபியைப் போலவே எண்ணக் கற்றுக்கொடுத்தவர் அவர். செபமாலையை உருட்டிக்கொண்டு இறைவனை 'அல்லா' என்று அழைக்கும் கத்தோலிக்கர். தவக்காலத்துக்கு அவர்களிடம் உள்ள பெயர் 'ரந்தான்', ரமலான்தான் அது. நன்றி சொல்லும்போதோ இத்தாலியச் சொல் வரும். இந்த மொழியை எந்த ஆட்சியாளரும் கொடுக்கவில்லை. நீதிமன்றங்களில் இத்தாலி மொழி கோலோச்சிய நாள்களில் வயலிலும் படகிலும் பேசி அதைக் காத்தவர்களுக்கு, 1934இல்தான் அது ஆட்சிமொழியாகக் கிடைத்தது.

ஒருமுறை நான்னாவைச் சக்கர நாற்காலியில் பிர்கு நகரின் பழைய பதுங்கிடத்துக்கு அழைத்துப் போனோம். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சிலிருந்து தப்ப, பாறையைக் குடைந்து மக்கள் அமைத்த சுரங்கம் அது. சுவரெங்கும் கடப்பாரைத் தழும்புகள் வரிவரியாக இருந்தன. அவர் கையை நீட்டி ஒரு தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார். 1942 ஆகஸ்ட் 15 அன்று, முற்றுகையில் தவித்த தீவுக்கு எரிபொருள் கொண்டுவந்த 'ஓஹையோ' எண்ணெய்க் கப்பல், உடைந்து மூழ்கும் நிலையில் துறைமுகத்துக்குள் இழுத்து வரப்பட்டதை, பதினொரு வயதுச் சிறுமியாகக் கோட்டை மதில் மேலிருந்து பார்த்தவர் அவர். அவருக்கு வரலாறு இல்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

சிலர் கேட்பார்கள்: 870க்குப் பின் தீவு ஆளற்றுக் கிடந்தது, பதினோராம் நூற்றாண்டில் குடியேறியவர்கள்தான் இன்றைய மக்கள் என்று ஓர் அரபு நூல் சொல்கிறதே, பிரமிடுகளுக்கும் மூத்த ஜிகாந்தியா கோயிலுக்கும் இவர்களுக்கும் என்ன உறவு? அந்தக் கூற்றை ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். கோயில் கட்டியவர்களின் பண்பாடு கி.மு. 2500 அளவில் மறைந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் இரத்த உறவு பேசவே இல்லை. வந்தவர்களில் யார் தங்கி உழுதார்களோ, அவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

"பிரித்தானியர் கப்பல்துறையும் ஆங்கிலமும் கொடுத்தார்களே" என்பவர்களிடம் எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 1919 ஜூன் 7 அன்று, ரொட்டி விலை ஏற்றத்தால் கொதித்தெழுந்த வலேட்டா மக்கள் மீது பிரித்தானியப் படையினர் சுட்டார்கள். மான்வெல் அத்தார்த், ஜுசே பயாதா, வென்சு டையர், கார்மேனு அபேலா என்ற நான்கு பேரை அந்தக் கலவரம் பலிகொண்டது. கொடுத்ததைக் கணக்கெழுதுகிறவர்கள் இந்த நான்கு பேரை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்? 1964இல் விடுதலை, 1974இல் குடியரசு, 1979 மார்ச் 31 அன்று கடைசிப் பிரித்தானியப் படையின் வெளியேற்றம். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லத்தான் அன்று இரண்டு நிமிடம் கேட்டேன்.

'உணர்ச்சிவசப்படுகிறீர்கள்' என்று நண்பர் ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார். ஆம், படுகிறேன். 316 சதுர கிலோமீட்டர்தானே என்று ஒரு நாட்டை ஒரே வாக்கியத்தில் துடைத்துவிடுகிறவருக்கு மேடையும் கைத்தட்டலும் கிடைக்கின்றன. அங்கே ஆறு ஆண்டு வாழ்ந்தவரின் ஒலி நிறுத்தப்படுகிறது. அமைப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கூட்டத்தின் காணொளியை வெளியிடும்போது, நான் பேசத் தொடங்கிய இடத்தை வெட்டாமல் வெளியிடுங்கள்.